ஆபீஸ் பழைய சிஸ்டங்களுக்கு 2038 பட்டியல் கேட்கிறார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது?

கூடல்நகர்_பாண்டி
எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன், எந்த அலுவலகம் என்று மட்டும் கேட்காதீர்கள். புதிதாக வந்த அதிகாரி 2038 பற்றி எங்கோ படித்துவிட்டு, "நம்ம ஆபீஸில் எந்தெந்த கம்ப்யூட்டருக்குத் தேதிப் பிரச்சினை வரும்னு ஒரு பட்டியல் போட்டுக் கொடு" என்கிறார். இங்கே இருப்பது எக்ஸ்பி ஓடும் ஒரு பழைய மெஷின், அதில் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பில் புரோகிராம் (எழுதியவர் ரிட்டயர்ட் ஆகி எங்கே இருக்கிறார் என்றே தெரியாது), பிஎச்பி, மைஎஸ்கியூஎல் வைத்து யாரோ செய்து கொடுத்த ஒரு பதிவு மென்பொருள், விரல் ரேகை வைக்கும் வருகைப் பதிவு மெஷின், சிசிடிவி பெட்டி, மீதி வேலை முழுக்க எக்செல். சீனியர்கள் "2038ல நாம ஒருத்தரும் இங்க இருக்க மாட்டோம், பத்து மெஷின் பேரை எழுதிக் குடுத்துட்டுப் போ" என்கிறார்கள். அரசாங்கங்கள் இந்த வேலையை உண்மையில் எப்படிச் செய்கின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலமாசி_வீதி
தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: யூனிக்ஸ் வழி வந்த சிஸ்டங்கள் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை வினாடி ஆனது என்று எண்ணித்தான் நேரத்தை வைத்துக்கொள்கின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்தால் 2,147,483,647 வரைதான் போகும். நம் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8:44:07க்கு அது நிரம்பிவிடும். அடுத்த வினாடி எண் மைனஸுக்குப் போய், தேதி 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். அலங்காநல்லூர் வாடிவாசல் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும், பொங்கல் லீவு முடிந்து ஆபீஸுக்கு வந்து உட்காரும் நேரம்.

சிகாகோ_செல்லூர்
தம்பி பாண்டி, உங்கள் சீனியர்கள் சொன்னதைத்தான் 1995இல் அமெரிக்க அலுவலகங்களிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் செல்லூர்க்காரன், 1998இல் கோபோல் என்ற பழைய நிரல் மொழி தெரியும் என்ற ஒரே தகுதியில் விமானம் ஏறியவன். அங்கே ஒரு மாநில அரசுத் துறையின் மெயின்ஃபிரேம் என்ற பெரிய மையக் கம்ப்யூட்டரில் ஒய்2கே வேலைதான் (வருஷத்தை இரண்டு இலக்கத்தில் வைத்த நிரல்கள் 2000ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளாமல் திருத்துவது) பார்த்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 1997இல் எல்லாத் துறைகளுக்கும் ஒரு வழிகாட்டி கொடுத்தது. பிரச்சினை இருப்பதை உணர்வது, என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்து எடைபோடுவது, திருத்துவது, சோதிப்பது, நடைமுறைக்குக் கொண்டுவருவது என்று ஐந்து படி. எல்லோரும் மூன்றாவதுதான் கஷ்டம் என்று நினைத்துப் பணத்தை அங்கே ஒதுக்குவார்கள். உண்மையில் ஆளைத் தின்றது இரண்டாவதும் நான்காவதும்தான். கோபோலில் வருஷத்தை இரண்டு இலக்கத்திலிருந்து நான்காக மாற்றுவது புத்தி தேவைப்படாத வேலை. ஆனால் இந்த ஃபைலை ராத்திரி இரண்டு மணிக்கு வேறு எந்தத் துறை வந்து எடுத்துக்கொண்டு போகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. நீ நான்கு இலக்கமாக மாற்றியதும் உன் ஃபைலில் ஒவ்வொரு வரியும் இரண்டு எழுத்து நீண்டுவிடும், அந்தப் பக்கம் படிக்கிறவன் எல்லாவற்றையும் இரண்டு எழுத்து தள்ளிப் படிப்பான். அதனால் பட்டியலில் மெஷின் பெயரை விட, யாரிடமிருந்து தரவு வருகிறது, யாருக்குப் போகிறது என்ற இரண்டு கட்டம்தான் முக்கியம்.

அடுத்தது கெடு. 1999 டிசம்பர் 31 வரை யாரும் காத்திருக்கவில்லை. முக்கியமான சிஸ்டங்கள் எல்லாம் 1999 மார்ச் 31க்குள் முடிந்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு வைத்தது, மீதி ஒன்பது மாதம் சோதனைக்கும், கம்ப்யூட்டர் நின்றால் கையால் வேலையை எப்படி ஓட்டுவது என்ற மாற்று ஏற்பாட்டுக்கும். அதிபர் கிளிண்டன் 1998இல் ஜான் கோஸ்கினன் என்பவரை இதற்கென்றே தலைவராகப் போட்டார். நாடாளுமன்றத்தில் ஸ்டீபன் ஹார்ன் என்ற உறுப்பினர், பழைய பல்கலைக்கழகத் தலைவர், ஒவ்வொரு துறைக்கும் ஏ, பி, சி, டி, எஃப் என்று கிரேடு போட்டுப் பத்திரிகைக்குக் கொடுத்துவிடுவார். எஃப் வாங்கிய துறையின் செயலாளர் மானம் போய் வேலையை முடுக்குவார். சர்க்குலரால் நகராத பல ஃபைல்களை அந்த கிரேடு நகர்த்தியது என்பது என் கணிப்பு. சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், அதாவது அங்கே முதியோருக்குப் பென்ஷன் கொடுக்கும் துறை, 1989இலேயே வேலையைத் தொடங்கிவிட்டது. பென்ஷன் துறை என்பதால் எதிர்காலத் தேதிகளோடுதான் அவர்களுக்குத் தினமும் பிழைப்பு, அதனால் முதலில் தட்டுப்பட்டதும் அவர்களுக்குத்தான்.

திருநகர்_திவாகர்
எல்லாம் சரி அண்ணே, கடைசியில் என்ன ஆச்சு? ஜனவரி 1 அன்று ஒரு லைட்டுகூட அணையவில்லை. ஐடி கம்பெனிகள் சம்பாதித்தது, உங்களைப் போன்றவர்கள் விமானம் ஏறியது, இதுதான் லாபம். இத்தாலியும் ரஷ்யாவும் அமெரிக்கா மாதிரி கொட்டிச் செலவழிக்கவில்லை, அங்கேயும் ஒன்றும் ஆகவில்லையே? இப்போது 2038 என்று அடுத்த திருவிழாவுக்குக் கொடியேற்றுகிறார்கள்.

சிகாகோ_செல்லூர்
@திருநகர்_திவாகர் பாதி ஒத்துக்கொள்கிறேன். லிஃப்ட் நிற்கும், விமானம் விழும் என்று கிளப்பிவிட்டதெல்லாம் அளவு மீறிய பயம்தான். இத்தாலி, ரஷ்யா வாதமும் சும்மா தள்ளிவிடக்கூடியது இல்லை. ஆனால் அமெரிக்கா அளவுக்குப் பழைய மெயின்ஃபிரேமை நம்பி அரசாங்கம் நடத்திய நாடுகள் குறைவு, தவிர மற்ற நாடுகள் வாங்கிப் போட்டிருந்த பெரிய மென்பொருள்களின் திருத்தம் தயாரித்தவனிடமிருந்தே வந்துவிட்டது.

ஒன்றும் ஆகவில்லை என்பதும் சரியில்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் கர்ப்பிணிகளின் வயதைக் கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்கிட்டு, 150க்கும் மேற்பட்டவர்களுக்கு டவுன் சிண்ட்ரோம் சோதனையில் தவறான முடிவு போனது. அது ஜனவரி 1 அன்று தெரியவில்லை, 2000 மே மாதம்தான் வெளியே வந்தது. லைட் அணைந்தால் எல்லோருக்கும் தெரியும், வயதுக் கணக்கு தப்பினால் யாருக்குத் தெரியும்? அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் தரவைப் படிக்கும் தரைநிலையமும் புத்தாண்டு அன்று சில மணி நேரம் குருடாகிப் போனது. அதற்குக் காரணம் பழைய நிரல் இல்லை, ஒய்2கேவுக்காகப் போட்ட திருத்தமே.

ஓய்வு_கருவூலம்
நான் கருவூலக் கணக்கில் இருந்து ஓய்வு பெற்றவள். மெயின்ஃபிரேம் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் பாண்டியின் சீனியர்கள் 2038ல் நாம் இருக்க மாட்டோம் என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. தமிழ்நாடு அரசில் ஓய்வு வயது இப்போது 60. 1978 பிப்ரவரிக்குப் பிறகு பிறந்த ஒவ்வொரு ஊழியருக்கும் ஓய்வு நாள் அந்த ஜனவரி 19ஐத் தாண்டித்தான் வருகிறது. அவர்களில் பலர் இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் போட்டவர்கள். அவர்களுடைய ஓய்வு நாளை எந்த மென்பொருளாவது கணக்கிட்டுச் சேமிக்கிறது என்றால், அது 2038ஐ இன்றைக்கே தொட்டுவிட்டது.

இன்னும் சொல்கிறேன். செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கி 21 வருஷத்தில் முதிர்வு. 2017 ஜனவரி கடைசியில் தொடங்கிய கணக்கின் முதிர்வு நாள் 2038 ஜனவரி கடைசி. முதலமைச்சரின் பெண் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் 18 வயதில் பணம், 2020இல் பிறந்த குழந்தையின் பத்திரத்தில் 2038 என்றுதான் இருக்கும். 20 வருஷ வீட்டுக் கடனை 2018இல் வாங்கியவர் கணக்கும் அதே. 2023 ஜனவரி 20 அன்று பதிவு செய்த ஸ்கூட்டரின் ஆர்சியை எடுத்துப் பாருங்கள், 15 வருஷம் என்றால் 19-01-2038 வரை செல்லும். பெரிய தேசிய மென்பொருள்கள் இதையெல்லாம் தாண்டி வந்துவிட்டன, அதனால் பயப்பட வேண்டியதில்லை. நான் கேட்பது நம் அலுவலகத்துக்குள் யாரோ தனியாக எழுதிவைத்த சின்னச் சின்ன புரோகிராம்களைப் பற்றி. தம்பி, மெஷினை எண்ணாதீர்கள், உங்கள் அலுவலகம் எழுதும் தேதிகளிலேயே அதிக தூரத்தில் இருப்பது எது என்று முதலில் தேடுங்கள்.

மேலமாசி_வீதி
அம்மா சொல்வதற்கு ஒரு நிஜ உதாரணம் உண்டு. 2006 மே மாதம் ஏஓஎல்சர்வர் என்ற வெப் சர்வர் மென்பொருள் திடீரென்று உலகம் முழுக்கப் பல இடங்களில் படுத்தது. டேட்டாபேஸ் கோரிக்கைக்குக் காலாவதியே வேண்டாம் என்பதற்காக யாரோ நூறு கோடி வினாடி என்று போட்டு வைத்திருந்தார்கள். நூறு கோடி வினாடி என்பது கிட்டத்தட்ட 32 வருஷம், 2006உடன் அதைக் கூட்டினால் 2038ஐத் தாண்டிவிட்டது.

தாலுகா_தாத்தா
இதையெல்லாம் நாங்கள் பேப்பரிலேயே பார்த்தாச்சு. வருவாய்த் துறைக்கு வருஷம் ஜனவரியில் பிறக்காது, ஜூலை 1இல் பசலி என்ற எங்கள் கணக்கு வருஷம் பிறக்கும். ஜமாபந்திக் கணக்கு முழுவதும் பசலிதான். ஆங்கில வருஷத்தில் 590ஐக் கழித்தால் ஜூலையில் தொடங்கும் பசலி வரும், 2038 ஜனவரி என்பது பசலி 1447. பதிவேட்டில் பின் இரண்டு இலக்கம் மட்டும் எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு 1990 ஜூலையிலேயே 00 வந்துவிட்டது, பசலி 1400. உலகம் ஒய்2கே என்று அலறியபோது எங்களுக்கு 1409 ஓடிக்கொண்டிருந்தது. பழைய பத்திரத்தில் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் என்ன கஷ்டமோ அதுதான் இந்த இரண்டு இலக்கக் கஷ்டமும். பிரபவ என்று எழுதியிருந்தால் 1927ஆ 1987ஆ என்று பக்கத்தில் பசலி இருந்தால்தான் சொல்ல முடியும்.

பாண்டிக்கு ஒரு விஷயம். உங்கள் புரோகிராமில் பசலி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், தேதியிலிருந்து பசலியைக் கணக்கிடும் வரியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத் தேதியைத் திருத்துகிறவன் அதைக் கவனிக்க மாட்டான்.

சிம்மக்கல்_சித்ரா
2038 இருக்கட்டும், எல்லோரும் 2030ஐ மறந்துவிட்டீர்கள். பாண்டி, மீதி வேலை முழுக்க எக்செல் என்று ஒரு வரியில் சொல்லிப் போய்விட்டார், என்னைக் கேட்டால் பிரச்சினையே அங்கேதான். எக்செல்லின் பழைய விதிப்படி இரண்டு இலக்க வருஷம் அடித்தால் 00 முதல் 29 வரை 2000 என்று எடுத்துக்கொள்ளும், 30 முதல் 99 வரை 1900 என்று எடுத்துக்கொள்ளும். 31-3-30 என்று அடித்துப் பாருங்கள், பல மெஷின்களில் 1930 ஆகிவிடும். கட்டத்தில் 30 என்று மட்டும் தெரிவதால் அடித்தவருக்குச் சந்தேகமே வராது. ஐந்து வருஷக் குத்தகை, லைசென்ஸ், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாவற்றிலும் 2030 ஏற்கெனவே வந்தாச்சு.

விண்டோஸில் ரீஜியன் அமைப்பில் இந்த எல்லையை மாற்றலாம். புதிய விண்டோஸில் 2049 என்று வைத்திருக்கிறார்கள். அதனாலேயே ஒரே எண்ணை ஒரு மேசையில் அடித்தால் 2035, பக்கத்து மேசையில் அடித்தால் 1935. டேட்டாபேஸ்களிலும் அப்படித்தான், ஒன்று 49இல் வெட்டும், யூனிக்ஸ் வழி வந்தவை 68இல் வெட்டும். முதியோர் உதவித்தொகைப் பட்டியலில் 45 என்று பிறந்த வருஷம் இருந்தால், ஒரு மென்பொருளில் அந்தப் பாட்டி இன்னும் பிறக்கவே இல்லை.

சிகாகோ_செல்லூர்
@சிம்மக்கல்_சித்ரா அருமை. இந்த வெட்டு எல்லை வைக்கும் வேலையைத்தான் நாங்களும் பாதி இடத்தில் செய்தோம். ஃபைலை நான்கு இலக்கமாக விரிக்கப் பணமும் நேரமும் இல்லாத இடத்தில், 20க்குக் கீழே இருந்தால் 2000, மேலே இருந்தால் 1900 என்று ஒரு நிபந்தனை போட்டு நகர்ந்துவிடுவோம். 2020க்குள் இந்த சிஸ்டமே இருக்காது என்று எல்லோரும் நம்பினோம். 2019இல் அதே தணிக்கை அலுவலகம் அமெரிக்க அரசின் மிக முக்கியமான பத்துப் பழைய சிஸ்டங்களைப் பட்டியல் போட்டபோது அதில் மூத்ததற்கு வயது 51. பாண்டி, உன் பட்டியலில் "ஒய்2கேக்குத் திருத்தப்பட்டதா, எந்த முறையில்" என்ற கட்டமும் போடு.

திருநகர்_திவாகர்
சரி, எக்செல் விஷயம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்போதுதான் அடித்துப் பார்த்தேன். 1930 வந்தது. மேலே பேச்சில்லை.

பழைய_டிபிஎஃப்
ஃபாக்ஸ்புரோ பற்றி யாரும் சொல்லவில்லையே. பாண்டி, பயப்படாதே. ஃபாக்ஸ்புரோ தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் ஃபைலில் தேதிக் கட்டம் உள்ளே எட்டு எழுத்தாக, வருஷம் நான்கு இலக்கத்தோடுதான் இருக்கும். 2038 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆபத்து இரண்டு. நிரலில் செட் செஞ்சுரி ஆஃப் என்ற அமைப்பு இருந்தால் திரையில் இரண்டு இலக்கம்தான் தெரியும், அடிக்கும்போது 19 என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, எழுதியவர் தேதியைத் தேதிக் கட்டத்தில் வைக்காமல் எழுத்துக் கட்டத்தில் நாள்/மாதம்/வருஷம் என்று வைத்திருந்தால் வரிசைப்படுத்துவது முழுக்கக் குழம்பும், மார்ச் 1 பிப்ரவரி 28க்கு முன்னால் வந்து நிற்கும். மூல நிரல் இருக்கும் பிஆர்ஜி ஃபைல்கள் இருக்கிறதா, இல்லை ஓட்ட மட்டும் முடிகிற இஎக்ஸ்இ மட்டும்தானா?

கூடல்நகர்_பாண்டி
பிஆர்ஜி இருக்கிறது அண்ணே, ஆனால் மூன்று ஃபோல்டரில் மூன்று விதமாக இருக்கிறது. எது ஓடுவது என்று தெரியவில்லை.

பழைய_டிபிஎஃப்
அப்படியென்றால் எது ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. மூன்றையும் தனித்தனியாகக் காப்பி எடுத்து, வேறு மெஷினில் கம்பைல் செய்து, போன மாத பில்லை ஓட்டி எது அச்சாகப் பொருந்துகிறது என்று பார். அது தெரியாமல் ஒரு எழுத்தையும் மாற்றாதே.

மேலமாசி_வீதி
மைஎஸ்கியூஎல் பக்கம் நான் சொல்கிறேன். டேபிள்களின் அமைப்பை மட்டும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எடுத்துவிட்டு இரண்டைத் தேடுங்கள். டைம்ஸ்டாம்ப் என்ற வகை, அது 2038 ஜனவரி 19ஐத் தாண்டாது. டேட்டைம் என்றால் 9999 வரை போகும், அதை விட்டுவிடலாம். இன்னொன்று, பிஎச்பி எழுதும் நம்மாட்கள் பலர் நேரத்தை சாதாரண இன்ட் கட்டத்தில் வினாடியாகப் போட்டு வைப்பார்கள், அதுவும் அதே எண்ணில் முட்டி நிற்கும். பதிவு செய்த நேரம் என்ற வகைக் கட்டத்துக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. காலாவதி நாள், அடுத்த புதுப்பிப்பு நாள் என்ற கட்டங்களை முதலில் பாருங்கள்.

சோதிக்கும்போது ஓடும் மெஷினில் கடிகாரத்தை முன்னால் தள்ளாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஏழு வருஷம் ஆன பதிவை அழி என்று எங்காவது இருந்தால் அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடும். பாஸ்வேர்டு காலாவதி ஆகும், மென்பொருள் லைசென்ஸ் பூட்டிக்கொள்ளும், டிஜிட்டல் கையெழுத்து டாங்கிள் செல்லாது என்று சொல்லும். நெட்வொர்க்கைப் பிடுங்கிய ஒரு நகல் மெஷினில்தான் செய்ய வேண்டும். பார்க்க வேண்டிய தேதிகள்: நிதியாண்டு முடியும் மார்ச் 31, பசலி மாறும் ஜூலை 1, 2028 பிப்ரவரி 29, 2030 ஜனவரி 1, 2038 ஜனவரி 19 காலை 8:44. லீப் வருஷத்தைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள், 2024 பிப்ரவரி 29 அன்று நியூசிலாந்து முழுக்க ஆளில்லா பெட்ரோல் பங்குகள் கார்டை வாங்காமல் பல மணி நேரம் நின்றன.

மேலூர்_மின்பொறி
வருகைப் பதிவு மெஷின், சிசிடிவி பெட்டி மாதிரி பெட்டிகளைக் கடைசியில் வைக்காதீர்கள். உள்ளே 32 பிட் லினக்ஸ் இருக்க வாய்ப்பு அதிகம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.6 பதிப்பு 2020இல் வந்தது, அதிலிருந்துதான் 32 பிட்டிலும் 2038ஐத் தாண்ட முழு வழி கிடைத்தது. சந்தையில் விற்கும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அதைவிடப் பழையதுதான் இருக்கும், அப்டேட்டும் வராது. இவற்றைத் திருத்த முடியாது, மாற்றும் வருஷத்தை மட்டும் எழுதலாம்.

ஜிபிஎஸ் வைத்து நேரம் பிடிக்கும் கருவி இருந்தால் அதையும் எழுதுங்கள். பழைய ஜிபிஎஸ் சிக்னலில் வார எண்ணிக்கை 1024க்கு ஒரு தடவை பூஜ்யத்துக்குப் போகும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் போனது, அடுத்தது 2038 நவம்பர். 2019 தேதி முன்கூட்டியே தெரிந்தும் நியூயார்க் நகராட்சியின் சொந்த வயர்லெஸ் நெட்வொர்க் அன்று படுத்து, திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்தக் கருவி அவர்கள் பட்டியலில் இருந்ததா இல்லையா என்பதுதான் எனக்குத் தீராத சந்தேகம்.

ஓய்வு_கருவூலம்
டெண்டர் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது, 2038க்குப் பிந்தைய தேதிகளைச் சேமித்துக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி. வெறுமனே "எதிர்காலத் தேதிகளுக்கு ஏற்றதாக" என்று எழுதினால் தணிக்கையில் நிற்காது, எந்தத் தேதியைப் போட்டு எந்த விடை வர வேண்டும் என்றே எழுதிவிடுங்கள்.

சிகாகோ_செல்லூர்
ஆமாம் அம்மா, அங்கேயும் 1997 முதல் மத்திய அரசின் கொள்முதல் விதியிலேயே ஒய்2கேக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று போட்டார்கள். அதற்கு முந்தைய வருஷங்களில் வாங்கிப் போட்டதைத் திருத்தத்தான் என்னைப் போன்றவர்களுக்கு வேலை கிடைத்தது.

கூடல்நகர்_பாண்டி
எல்லோருக்கும் நன்றி. இப்படிப் போடலாம் என்று இருக்கிறேன்: மென்பொருள் அல்லது கருவி, அது எழுதும் தேதிகளில் அதிக தூரத்தில் இருப்பது, தரவு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, மூல நிரல் நம்மிடம் இருக்கிறதா, ஒய்2கே திருத்தம் எப்படி, நின்றுபோனால் கையால் எப்படி ஓட்டுவது, பொறுப்பு யார். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் சண்டை. யாரும் தன் பெயரை எழுத விட மாட்டேன் என்கிறார்கள். என் பெயரைப் போட்டால் அடுத்த மார்ச்சில் என் ஒப்பந்தமே முடிகிறது.

தாலுகா_தாத்தா
பெயரை எழுதாதே, பதவியை எழுது. ஆள் மாறுதலில் போனாலும் நாற்காலி அங்கேயேதான் இருக்கும். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவி, முத்திரை, பதிவேடு என்று வரும் பாரு, அதில் இதையும் ஒரு இனமாகச் சேர்க்கச் சொல்லி அதிகாரியிடம் குறிப்பு வை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அடுத்து வருகிறவர் வாங்கிக்கொள்ளாமல் நாற்காலியில் உட்கார முடியாது.

சிம்மக்கல்_சித்ரா
பட்டியலை எக்செல்லில்தானே போடப் போகிறீர்கள்? தேதிக் கட்டங்களை எல்லாம் நான்கு இலக்க வருஷமாக ஃபார்மட் செய்துவிட்டு அப்புறம் அடியுங்கள். காலி படிவம் ஒன்று தயார் செய்து தருகிறேன், நாளைக்கு இங்கேயே போடுகிறேன்.